மெசின் சொல்லவில்லை, நான் சொன்னேன்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வலிகாமத்தில் நான் பந்தல் போடாத கோயில் மிச்சம் குறைவு. ஒரு படங்குச் சீலையும் நாலு கமுகஞ் சிலாகையுமாய்த் தொடங்கினேன். இப்போது மூன்று லொறி நிறைய இரும்புக் குழாயும் தகரமும் இருக்கிறது. எஞ்சினியர்மார் படம் கீறிக்கொண்டு வந்து, "உது காத்துக்கு நிக்குமோ ஐயா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பெரிய திருவிழாக்களில் சனத்துக்கு மேலே பறக்கிற ட்ரோன்களைக் கண்டுபிடிக்கிற மெசின் வாங்க என்று அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியது. எங்கள் ஊர்க் கோயில் தேருக்கும் அது கிடைத்தது. கிடைத்தது என்ன, கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், நடந்த கூட்டத்தில் நான் எழும்பிக் கதைத்தபடியால் கிடைத்தது. மற்றக் கோயில்காரர் கடுதாசியைப் பார்த்து வாசித்தார்கள். நான் வெறுங்கையோடு நின்று சண்டைக்குள் வன்னியில் இருந்த காலத்தைச் சொன்னேன். அங்கே வேவு பார்க்கிற விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது இரைந்துகொண்டு வட்டம் போடும், பிறகு ஷெல் வரும். அந்த இரைச்சலை எல்லாருக்கும் முன்னம் கேட்பவன் நான். நான் கையைத் தூக்கினால் எங்கள் பக்கத்து நாலு குடும்பமும் பங்கருக்குள் இறங்கிவிடும். நாலு குடும்பமும் இன்றைக்கும் இருக்கிறது. என் மகளும் அப்படித்தான் தப்பினாள், அப்போது சின்னப் பிள்ளை.

கூட்டம் முடிய, தெற்கிலிருந்து வந்த பொலிஸ் அதிகாரி ஒருவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். மெசின் வைக்கிற காவல் கோபுரத்தைக் கட்டுகிற வேலையும் எனக்கே வந்தது.

அந்த நேரம் என்னோடு இருந்த மகளும் மருமகனும் கனடாவுக்குப் போக எல்லாம் சரிவந்திருந்தது. மெடிக்கல் முடிந்து, வழக்கு ஒன்றும் இல்லை என்கிற பொலிஸ் றிப்போட் ஒன்றுதான் பாக்கி. மருமகன் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் வீடியோக்கடை வைத்திருந்தவர். கலியாணம், பெரியபிள்ளையாகிற சாமத்தியவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி எல்லாவற்றையும் ட்ரோனில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். கோயில் சுற்றாடலில் ட்ரோன் விடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்ன அன்று என்னிடம் வந்தார்.

"மாமா, வெளிநாட்டிலை ஒரு அம்மா படுத்த படுக்கை. தேர் வடக்கு வீதிக்குத் திரும்பிறதைக் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டே ரெண்டு நிமிசம். ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"உதென்ன பெரிய விசயமே? நான் கதைச்சால் முடிஞ்சுது. நீர் எடும்."

நான் கதைக்கவில்லை. மறதி இல்லை. அந்த அதிகாரி என்னைக் கண்டால் கதிரை இழுத்துப் போடுவார். அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு உதவி கேட்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கேட்பம், நாளைக்குக் கேட்பம் என்று தேரும் வந்துவிட்டது.

தேரன்று காலை கோபுரத்தின் மேல்தட்டில் அதிகாரியும் ரெண்டு பொலிஸ்காரரும் மெசினோடு இருந்தார்கள். நானும் ஏறி நின்றேன், கட்டினவன் அல்லவா. கீழே தவில், நாதஸ்வரம், அரோகரா, தேங்காய் உடைகிற சத்தம். தேர் மேற்கு வீதி முடிந்து மூலைக்கு வந்ததும் சில்லுக்குக் கட்டை போட்டு நிறுத்தினார்கள். மேளம் ஒரு கொஞ்சம் ஓய்ந்தது. அந்த இடைவெளிக்குள் எனக்குக் கேட்டது.

வலது கையைத் தூக்கிவிட்டேன்.

"பறக்குது," என்றேன்.

அதிகாரி மெசினைக் குனிந்து பார்த்தார். "ஐயா, மெசின் ஒண்டும் சொல்ல இல்லை தானே?"

"மெசினை விடுங்கோ. பறக்குது."

ஒரு பொலிஸ்காரன் சிங்களத்தில் ஏதோ சொல்ல மற்றவன் சிரித்தான். அதிகாரி எனக்கு அதைத் தமிழில் சொன்னார். "ஐயா காதில இன்னும் சண்டை முடிய இல்லையாம்."

அவரும் சிரித்தார்.

இந்த இடத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன். அது யாருடைய ட்ரோன் என்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. எங்கள் முற்றத்து முருங்கையில் ஒருதரம் அடிபட்டது அது. அதன்பிறகு இரைச்சலின் வாலில் ஒரு கீச்சு இருக்கும். அதைப் பறக்கவிட்டபடி அவர் தெருமுனைக்கு வரும்போதே, "மருமோன் வாறார், தேத்தண்ணி வை," என்று மகளுக்குச் சொல்கிறவன் நான். "வயசு போட்டுது, காகம்போலை," என்று சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கும்.

"அந்தா," என்றேன். "வடக்கு வீதி மண்டபத்துக்கு நேர் மேலை. விடுறவன் மண்டபத்துக் கூரையிலை நிப்பான். போய்ப் பாருங்கோ."

பத்து நிமிசத்தில் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேட்டி, வெறும் மேல், நெற்றியில் திருநீறு. அவர் பயப்படவில்லை. என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. "அவர் என்ரை மாமா. அவர் கதைச்சவர். கேட்டுப் பாருங்கோ," என்றார்.

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஐயா, அப்படியா?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லை," என்றேன். அது உண்மைதான்.

சில நாளில் பிணையில் விட்டார்கள். ட்ரோனை வைத்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். மகளிடம், அனுமதி கேட்க மறந்துபோனேன் என்று சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் சோறு போட்டாள். கோபுரத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. தெரியவரவும் வழி இல்லை, ஏனென்றால் அரசாங்கத்துக்குப் போன றிப்போட்டில் நவீன கருவி கண்டுபிடித்தது என்றுதான் இருந்தது. பேப்பரிலும் அப்படியே வந்தது. ட்ரோனுக்குப் பக்கத்தில் அந்த மெசினை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள்.

அந்தப் பேப்பரைச் சந்தித் தேத்தண்ணிக்கடையில் ஒருவர் விரித்து வைத்திருந்தார்.

"அண்ணை, இனி உங்கடை காதுக்குப் பென்சன் தான். மெசின் வந்திட்டுது."

"அண்ணை இனிப் பந்தலோடை நிக்கட்டும்," என்றார் இன்னொருவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மெசினோ? உது பிரேதம் மாதிரிக் கிடந்தது. நான் தான் காட்டினனான். எந்தக் கூரை எண்டு கூட நான் தான் சொன்னனான்!"

பேப்பரை விரித்து வைத்திருந்தவர் அதை மடித்தார். தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன். நான் வீட்டுக்கு வரமுன்னம் கதை வந்துவிட்டது.

மகள் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பா, அது ஆரின்ரை ட்ரோன் எண்டு தெரிஞ்சே காட்டினீங்கள்?"

இல்லை என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். என் காதை அவளைவிட அறிந்தவர் இல்லை.

"ஓம் பிள்ளை."

"அவர் கூரையிலை ஏறினது உங்கடை வாயை நம்பி."

கையைக் கழுவினாள். மீன் பாதி வெட்டினபடி கிடந்தது. அன்று பின்னேரமே வட்டுக்கோட்டையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த கிழமை மருமகனின் வழக்கறிஞரைத் தேடிப் போனேன். நான் போட்ட பந்தல்களைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காது மந்தம், அன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன் என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். எந்தச் சபையிலும் அப்படிச் சொல்லக் கூடியவன் இல்லை நான்.

அவர் பைலைப் புரட்டினார். ரெண்டு தரம் புரட்டினார்.

"ஐயா, உங்களை ஒருத்தரும் சாட்சிக்குக் கூப்பிடேல்லை. இதிலை உங்கடை பேரே இல்லை. மெசின் கண்டுபிடிச்சது எண்டுதான் கிடக்கு."

வழக்குக்குத் தவணைக்குமேல் தவணை. வழக்கு முடியாமல் பொலிஸ் றிப்போட் இல்லை. மெடிக்கல் காலாவதியாகிவிட்டது. போன தவணையன்றும் கோர்ட்டுக்குப் போனேன். மகள் என் பக்கம் திரும்பவில்லை. மருமகன் மட்டும் கிட்ட வந்து, "வெய்யிலுக்கை நிக்காதேங்கோ மாமா, நீங்கள் இஞ்சை வரத் தேவையில்லை," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.