செம்பூரில் இருந்த அண்ணா

அண்ணா மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப இருந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதான பார்சிப் பெண்மணி. வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அண்ணாவைப் பற்றிப் பேசுவீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். வேறு எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மாதுங்காவில் எங்களுக்கு இரண்டு அறை. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா, அண்ணா, நான். நான் டைப்பிஸ்ட், அண்ணா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் அவனுக்கு முதலில் வந்தது. தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து ஆபீஸ்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சத்தம் அடங்கிற்று. வீட்டுக்கு வந்த சில மாதங்களில் மறுபடியும் ஆரம்பித்தது.

அவன் வீட்டில் இருந்தால் அம்மாவின் கண் அவனை விட்டு நகராது. "ஏண்டா சிரிச்சே?" "மாத்திரை போட்டுண்டியா? நாக்கைக் காட்டு." அவனுக்காக ஒரு வேளைதான் சாப்பிட்டாள், அதை அவனிடம் தினமும் சொன்னாள். யாராவது வந்தால் உள்ளறைத் திரையை இழுத்துவிட்டு, "பையன் டூர் போயிருக்கான்" என்பாள். திரைக்குப் பின்னால் அண்ணா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். நான் மட்டும் என்ன? அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன்.

"உங்கள் அன்பில் குறை ஒன்றும் இல்லை. அவ்வளவையும் தாங்க அவருக்குத் தெம்பு இல்லை. கொஞ்ச நாள் வேறு எங்கேயாவது இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

செம்பூரில் சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. சித்தப்பா ஆலையில் ஷிப்ட் வேலை. குழந்தைகள் இல்லை. இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். அண்ணாவைக் கொண்டுபோய் விட்ட அன்று சித்தி அவன் கையில் ஒரு பையைக் கொடுத்து, "கறிகாய் வாங்கிண்டு வா. கத்திரிக்காய் நன்னா இருந்தா வாங்கு" என்றாள். அவன் போனான். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குர்லாவில் வண்டி மாறி அங்கே போவேன். முதல் வாரமே கேட்டுவிட்டேன்: "தூங்கறயா அண்ணா? சத்தம் ஏதாவது கேக்கறதா?" அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"வந்தா வேற ஏதாவது பேசேன். மழையைப் பத்திப் பேசு" என்றாள் சித்தி.

மழையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டேன். வண்டி லேட்டானதை, ஆபீசில் மின்விசிறி நின்றுபோனதைச் சொல்வேன். கேட்க முடியாததையெல்லாம் திரும்பும்போது குர்லா பிளாட்பாரத்தில் நின்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன். வாரம் ஒரு தடவை போனதை டாக்டர் மாதம் இரண்டாகக் குறைக்கச் சொன்னார். போகாத ஞாயிறுகளில் அவன் சட்டைகளை எடுத்து மறுபடி மடித்து வைப்பேன். அவன் அங்கே தேறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஓர் இடத்தில் பாதி நாள் பிளான் வரையவும் போனான்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. பாலக்காட்டிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. கல்யாணம் ஆனால் முழுக்கச் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். அண்ணாவை மாதுங்காவுக்கு அழைத்து வந்துவிட்டாள். பெண் வீட்டார் பம்பாயிலேயே தங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு வந்து போனார்கள்.

"அவா ஊருக்குப் போறவரைக்கும் மாத்திரை வேண்டாம். கை நடுங்கறது. மூஞ்சியெல்லாம் தூக்கம்" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா நம்மோடேயே இருப்பான், கல்யாணமாகி இந்த வீட்டிலேயே இருப்பான் என்று எனக்கும் ஆசை. மாத்திரைப் புட்டியை நான்தான் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பத்தாம் நாள் காலையில் அண்ணா குழாயில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான். அம்மா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. அண்ணா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

இரண்டு மாதம் கழித்து அழைத்து வரப் போனபோது, எங்கே போகலாம் என்று அவனையே கேட்டேன்.

"சித்தி ஆத்துக்கே போறேன். நீ கோச்சுக்காதே. அங்கே யாரும் என்னைப் பாத்துண்டே இருக்கறதில்லே."

கோபமில்லை என்றேன். புட்டியை ஒளித்தது நான்தான் என்றும் சொன்னேன். "தெரியும்" என்றான்.

அதன் பிறகு அவன் மாதுங்காவில் தங்கவே இல்லை. தீபாவளிக்கு வருவான், சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவான். அம்மா அவனிடம் எதுவும் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பரிமாறும் கையைப் பார்த்தாலே தெரியும். பழையபடி முழு நாள் வேலைக்கு அவனால் போக முடியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை, சித்தி இருந்தவரை.

அவன் நன்றாக இருந்தது நான் தள்ளி இருந்ததால்தான். அது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இருந்தும், ஆபீஸ் விட்டு மாடிப்படி ஏறும்போதெல்லாம், இன்றைக்கு அவன் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டானா என்றுதான் இருக்கும்.