வைரக் கோளும் மச்சானும்

முரசுமோட்டையில சித்திரை விளையாட்டு விழா. நான் போனனான். மனிசி வந்தவ. மகள் வந்தவள். மனிசியின்ர தம்பி, என்ர மச்சான், அவனும் வந்தவன். அவனுக்கு மூண்டு நேரமும் எங்கட வீட்டிலதான் சாப்பாடு.

விநோத உடைப் போட்டிக்கு முதற் பரிசு சைக்கிள். மகளின்ர சைக்கிள் பிறேம் முறிஞ்சு ரண்டு கிழமை. பரந்தனில நடக்கிற கணக்கு வகுப்புக்கு அவள் போகேல்லை.

யோசனை அவளின்ரதான். வானத்தில செத்த நட்சத்திரம் ஒண்டு கிடக்காம். பல்சார் எண்டு பேர். வெளிச்சம் அடிச்சுக்கொண்டு பம்பரம் மாதிரிச் சுழலுமாம். பக்கத்தில இருந்த நட்சத்திரத்தைத் திண்டிட்டுதாம். மிஞ்சின கொட்டை வைரக் கோளாகி அதையே சுத்துதாம்.

"அப்பா வைரம். மாமா பல்சார்" எண்டாள்.

"நான் ஏன் பல்சார்?" எண்டான் மச்சான்.

"திண்டது ஆர்?" எண்டா மனிசி.

பால்மா பைக்கற்றுகளை வெள்ளியாய் மினுங்கிற உள்பக்கம் வெளியில தெரிய உரப்பையில தைச்சு எனக்குப் போட்டுவிட்டா. மச்சானுக்கு வெளிச்சம் அடிக்க ரண்டு கையிலயும் ரோச்.

பொழுதுபடுற நேரம் எங்களைக் கூப்பிட்டினம். மற்றவை நடுவர்மாருக்கு முன்னால ஒருக்கா நடந்திட்டுப் போச்சினம். மச்சான் நடுவில நிண்டு சுழண்டான். நான் அவனைச் சுத்தினன். முந்தி அறுத்த நெல்லைக் களத்தில பரவி, மேல உழவு மெசினைச் சுத்திச் சுத்தி ஓட்டி, சூடு அடிச்ச ஆள் நான். எனக்குத் தலை சுத்தாது.

மகள் மைக்கில சுத்துகளை எண்ணினாள். இடையில சொன்னாள்: "இந்தக் கோளுக்கு ரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் ஒரு வருசம். ஒரு நாளில பதினொரு பிறந்தநாள்."

"கேக் எங்கை?" எண்டு சனத்துக்கை ஒரு குரல்.

"மச்சான் திண்டிட்டான்" எண்டன்.

நாலாம் சுத்தில மச்சான் தலை சுத்தி விழுந்திட்டான். சனம் சிரிச்சுது. மகள் சிரிக்கேல்லை. மைக்கைப் பிடிச்சபடி என்னைப் பார்த்தாள்.

"செத்த நட்சத்திரம்தானே, கிடக்கட்டும்! நீங்கள் சுத்துங்கோ!" எண்டு மனிசி கத்தினா.

சுத்தினன்.

"அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ" எண்டார் நடுவர்.

"நாள் முடியேல்லை" எண்டன்.

கிடந்தபடியே மச்சான் ஒரு ரோச்சைத் தூக்கி எனக்கு அடிச்சான். உடம்பெல்லாம் மினுங்கிச்சுது. மகள் திரும்ப எண்ணத் தொடங்கினாள். பதினொண்டும் முடிச்சுத்தான் நிண்டனான்.

சைக்கிளைத் தந்திச்சினம்.

நடந்து வீட்டை வந்தம். மச்சான் பசிக்குது எண்டான். மகள் புதுச் சைக்கிளில எங்களைச் சுத்திச் சுத்தி ஓடினாள். வீட்டுப் படலை வரைக்கும் எண்ணினன்.

பதினேழு.