நீளாத கை

எழுபதுகளில், மொன்ட்ரியாலில் எங்கள் காலேஜ் பேஸ்பால் டீமில் பந்தெறிய கோச் நம்பியிருந்த மூன்று பேரில் நானும் ஒருவன். முதல் கோடையிலேயே வலது முழங்கை போயிற்று. ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது, பாதி மடங்கிய கை மரக்கட்டை மாதிரி இருந்தது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

வில்லரே பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவின் கவலையே வேறு. பிள்ளை இடது கையால் சாப்பிடுகிறானே என்பதுதான். தினமும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாயாவது வலது கையால் எடுக்கச் சொல்லி, சோறு எடுத்த அந்தக் கை வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பனி உருகத் தொடங்கியதும் ஜிம்மில் எறிந்து பார்த்தேன். முழங்கை நீளவே இல்லை. பந்து பாதி தூரத்திலேயே விழுந்து உருண்டது. கோச் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ரசம் சாதம் எடுத்த கை வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான் கவனிக்கக்கூட இல்லை. அம்மா கவனித்துவிட்டாள்.

"என்னங்க, இவனுக்குக் கை சரியாயிடுச்சு!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். உடனே பாயசத்துக்குப் பால் வைத்தாள். அதையும் அந்தக் கையாலேயே சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன்.