ஹனீபா நானாவின் கறுப்புப் போத்தல்

ஹனீபா நானா மௌத்தாகிவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன். நானாவின் நெஞ்சு வருத்தம், ஓடைத் தண்ணீர், போத்தல் கறுத்தது... ஒன்று விடாமல். சொன்னேனா இல்லையா என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் போடுங்கள்.

தெரியாதவர்களுக்கு... ஓடைப் பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர்தான் நானா. கண்டக்குழிப் பக்கம் கடலுக்குப் போகிறவன் அவர் கையால் பால் போடாத ஒரு பிளேன்டி குடிக்காமல் தோணி தள்ளமாட்டான். அவருடைய ரொட்டி வாசத்துக்கு மீன் கரைக்கு வந்ததை நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் டீச்சரும் பிள்ளைகளும் மாதாமாதம் ஓடைத் தண்ணீரை டெஸ்ட் பண்ணுவார்கள். மருந்து போட்ட சின்னக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரைப் பிடித்து இரண்டு மூன்று நாள் சூட்டில் வைக்க வேண்டும். கறுத்தால், கக்கூஸ் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

சூட்டுக்கு எங்கே போவது? நானாவின் பொயிலருக்குப் பக்கத்துத் தட்டுதான். ஐடியா என்னுடையது.

முதல் தடவையே ஒரு போத்தல் மை மாதிரிக் கறுத்துப் போனது.

"மாமா, கோவிக்காதீங்க... இது ஒங்கட கடைக்குப் பின்னுக்கு எடுத்தது" என்றது ஒரு பிள்ளை. அழுகிற மாதிரி முகம்.

"வீசுங்க நானா. ஆக்கள் கண்டா ஒரு வடையும் விக்காது" என்றேன் நான்.

"ஆக்கள்ட புள்ளைகள் இந்தத் தண்ணியிலதான்டா முழுகிற" என்றார். போத்தலைக் கொண்டுபோய் வடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வடைக்குப் பக்கத்தில்!

வியாபாரம் படுத்துவிட்டது. மனுசன் அசையவில்லை. ஓடைக்குள் விட்டிருந்த கடைக் கக்கூஸ் பைப்பைப் பிடுங்கி எறிந்து, ஓடையை விட்டுத் தூரத்தில் புதுக் குழி வெட்டினார். பிளான் நான் போட்டது. கொழும்பு இன்ஜினியர் வந்தாலும் அப்படி ஒரு பிளான் போடமாட்டான்.

ஆனால் போத்தல் கறுப்பதை நிறுத்தவில்லை. இத்தனை வருசம் ஊறின மண், கொஞ்சம் நாள் எடுக்கும் என்றார் டீச்சர். நானாவுக்குப் பொறுமை இல்லை. ஒரு தரமாவது தன் போத்தல் கறுக்காமல் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும்... அந்த ஒரே ஆசைதான்.

"மகள், என்ட போத்தல் எப்புடி?"

"கறுப்புத்தான் மாமா."

"நல்ல கறுப்பா, கொஞ்சக் கறுப்பா?"

"போன மாசத்த விடக் கொஞ்சம் கொறவு."

"ஓம், அப்ப பிளேன்டியில பால் விழுந்திருக்கு எண்டு சொல்லுங்க!"

கடை முழுக்கச் சிரிப்பு. போன ஆட்கள் எல்லாம் திரும்பவும் வந்துவிட்டிருந்தார்கள்.

போன கிழமை நெஞ்சு வருத்தம் கூடி நானாவை ஆஸ்பத்திரி வார்ட்டில் படுக்க வைத்திருந்தார்கள். இந்த மாதப் போத்தல் கறுக்கவே இல்லை! ஸம்ஸம் தண்ணீர் மாதிரித் தெளிவு. சாரத்து மடிப்பில் ஒளித்து நானே கொண்டுபோனேன். நானா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

ஜனாஸா அடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு. பிள்ளைகளும் டீச்சரும் வீட்டு முற்றத்தில் நிற்கிறார்கள். எல்லாரும் வந்து ஒரு துஆ செய்யுங்கள்.

போய் ஆறுதலாகப் படுங்கள் நானா...

ஒன்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சத்தியம், அந்தப் போத்தல் மட்டும் நான் சோடித்தது. இந்த மாதமும் கறுத்துத்தான் போனது. நான் கொண்டுபோனது வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர். மருந்து போட்டால், கறுக்காத தண்ணீரும் மஞ்சளாகிவிடும் என்று எனக்கு எங்கே தெரியும்?

சிரித்து முடிந்த பிறகு நானா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார். "டேய், இதுக்கு மருந்து போட்டாயா?"

தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

போடவில்லை நானா.