தலை எண்ணிய வீடு

பல்கலைக்கழகத்து யூத மாணவர் இல்லத்தில் பதினேழு வருஷமாக அடுப்பும் சாவியும் ஸெலிக் கையில்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பேசினால் உரசும், பரிமாறினால் தட்டு நிறையும்.

அவன் பயந்தது ஒன்றுக்குத்தான், ஆட்களை எண்ணுவதற்கு. ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆனால் ஒன்று, இரண்டு என்று தலை எண்ணினால் சாவின் காதில் விழும் என்பது அவன் அம்மா சொன்னது. அதனால் பத்துச் சொல் உள்ள வேத வரி ஒன்றைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பான். கடைசிச் சொல்லுக்கும் ஒரு தலை இருந்தால் ஜெபம் தொடங்கும்.

அந்தப் பனிக்காலத்தில், இஸ்ரேலோடு தொடர்புள்ள கம்பெனிகளிலிருந்து பல்கலைக்கழகம் முதலீட்டை எடுக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் கிளம்பியது. மாணவர் மன்றத்தில் வாக்கெடுப்பு வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துப் பேச ஆள் சேர்த்த மாணவி எலானா, சாப்பாட்டு அறையில் நாற்காலிமேல் ஏறி நின்று விரல் நீட்டினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"ஏ பொண்ணு, நிறுத்து! மனுஷங்கள எண்றியா, முட்டைய எண்றியா?" என்று கத்தினான் ஸெலிக்.

"சும்மா இருங்கண்ணே. அவங்க எரநூறு பேரு. நாம, உங்களையும் சேத்து, பத்தே பேரு. எங்க அக்கா இஸ்ரேல்ல, ஹைஃபால இருக்கா. நான் வாய மூடிட்டு இருக்கணுமா?"

கடைசி இடத்திலிருந்த மாணவன் ஆஷர் எழுந்தான். "ஒம்பதுன்னு எழுதிக்க. முதலீட்ட எடுக்கச் சொல்லி நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க சண்டைல சாகுற புள்ளைங்களப் பாத்து எனக்குத் தூக்கம் போச்சு."

"அப்ப இங்க எதுக்கு வர்றே? சூப்புக்கா?"

கேட்டது யாரென்று தெரியவில்லை. ஆஷர் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் ஜெபத்துக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் அது தொடங்கியது. ஜெப அறையைத் திறந்தால் ஆஷரின் நாற்காலி மேசையிலிருந்து வெளியே இழுபட்டுக் கோணலாக நின்றது. அதன் எதிரே ஜெபப் புத்தகம், இறந்தவர்களுக்காகச் சொல்லும் கடிஷ் பக்கத்தில் விரிந்து கிடந்தது. ஸெலிக் மூடி வைத்தான். அடுத்த நாளும் விரிந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

"பேய்க்குக்கூட உங்க சூப் பிடிக்கலண்ணே. ஜெபத்த முடிச்சுட்டு அப்படியே கெளம்பிருது," என்றான் ஏவி என்ற மாணவன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பேயாவது பிசாசாவது! நீங்க குடுத்த சாவி இன்னும் ஆஷர்கிட்ட இருக்கு. நம்மள மிரட்டுறான். பூட்ட மாத்துங்கண்ணே," என்றாள் எலானா.

ஸெலிக்கும் அப்படித்தான் நினைத்தான். வாக்கெடுப்புக்கு முதல் நாள் மதியம் வாசலுக்குப் புதுப்பூட்டுப் போட்டான். ஒரே சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

அன்று அவன் தம்பி மெண்டலின் திதி. பொழுது அடைவதற்குள் பத்துப் பேர் நடுவே கடிஷ் சொல்ல வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான். சாகும்போது மெண்டல் கேட்டது அது ஒன்றைத்தான். பன்னிரண்டு வருஷம் தவறவில்லை. போன இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னவன் ஆஷர்.

சாயங்காலம் கூடினார்கள். ஸெலிக் வேத வரியைச் சொன்னான். ஒன்பது சொல்லுக்கு ஒன்பது தலை. பத்தாவது சொல் அந்த நாற்காலியைப் பார்த்து நின்றது.

அப்போது வாசல் பூட்டில் ஏதோ உரசியது. உள்ளே நுழைந்து, திரும்ப முடியாமல், மறுபடி உரசியது.

"திறக்காதீங்கண்ணே," என்று எலானா கிசுகிசுத்தாள்.

ஸெலிக்கின் கால் நகரவில்லை. வெளியே இருப்பது ஆளா, வேறு ஏதாவதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. உரசல் நின்றது. ஜன்னலில் கடைசி வெளிச்சமும் போனது.

அதற்குப் பிறகுதான் திறந்தான். பூட்டில் பழைய சாவி தொங்கியது. பனியில் படி வரைக்கும் வந்த காலடிகள் தெருப்பக்கம் திரும்பிப் போயிருந்தன. ஆஷரின் பூட்ஸ் தடம்.

"திதி ஞாபகம் வெச்சு வந்திருக்கான்மா," என்றான் ஸெலிக். எலானா அந்தச் சாவியைக் கையில் எடுத்தாள்.

கடிஷ் சொல்லப்படவில்லை.

விடிந்ததும் ஸெலிக் புதுச்சாவியால் வாசலைத் திறந்து, ஜெப அறைக்குப் போனான். நாற்காலி வெளியே இழுபட்டிருந்தது. புத்தகம் அதே பக்கத்தில் விரிந்திருந்தது. உயிரோடிருந்த நாளில் மெண்டலும் நாற்காலியை உள்ளே தள்ளாமல் கோணலாகவே விட்டுப் போகிறவன்.

"வந்துட்டுப் போயிட்டியாடா," என்றான் ஸெலிக். புத்தகத்தை அவன் மூடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, ஆஷரின் அறையைத் தேடிப் பனியில் இறங்கினான்.