வால்மீனின் பாட்டும் போண்டாக் கரண்டியும்

அன்று மாலை புதுவாயல் கூட்டுச்சாலைக்கு மேற்கே, ஆலைப் புகைக்கும் மேலாக, அந்த வால்மீன் மங்கிய சுண்ணாம்புக் கீற்றாகத் தெரிந்தது. தேநீர்க்கடை வாசலில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்றவர், கும்மிடிப்பூண்டி உருக்காலையில் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஃபிட்டர். இயந்திர இரைச்சல் அவருடைய செவித்திறனைப் பெரிதும் தின்றுவிட்டிருந்தது. காதோரம் உரக்கச் சொன்னால்தான் விளங்கும். பேச்சு புரியாத இடத்தில் பொம்மையாக அமர்ந்திருப்பதை இழிவாகக் கருதி, எங்கள் மாலைக் கூட்டத்திலிருந்து அவர் மெல்ல விலகிக்கொண்டிருந்த காலம் அது.

“அதும் தலையில நம்ம யார்டு மேக்னட் மாதிரி ஒண்ணு கீதுபா. அதான் தூசியெல்லாம் வாலா ஒட்டிக்கினு போவுது,” என்றார்.

பழைய இரும்பை அள்ளும் கிரேன் காந்தத்தின் அருகிலேயே ஆயுளைக் கழித்த எங்களுக்கு வேறு எவ்வாறு தோன்றும்? நூல்களைப் படிக்கும்வரை நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். முன்பு விண்கலம் இறங்கி ஆராய்ந்த வேறொரு வால்மீனின் கருவில் காந்தம் தென்படவில்லை என்று அவர் காதில் உரைத்தேன். காந்தப்புலத்தைச் சுமந்து வருவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று. வால்மீன் கக்கும் வாயு மின்னேற்றம் பெற்று அக்காற்றைத் தடுக்கும்போது, ஓடுநீரில் ஊன்றிய கழியைப் பாசி சுற்றிக்கொள்வதுபோல் புலக்கோடுகள் வளைந்து பின்னால் நீள்கின்றன. பிளாஸ்மா எனப்படும் அம்மின்துகள் கூட்டத்தில் அலைகள் எழ, காந்தப்புலமே அதிர்கிறது. மனிதச் செவிக்கு எட்டாத அந்த மிக மெதுவான அதிர்வை அவ்விண்கலம் பதிவுசெய்ய, அதை விரைவுபடுத்தி ஒலியாக்கியிருக்கிறார்கள் என்றேன்.

“வால் நட்சத்திரம் பாடுதா? போடுபா, போடு!”

அந்தப் பதிவைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டேன். “தவள கத்தறா மாதிரியே கீது!” என்று கடைக்காரர் வியந்தார். ஃபிட்டர் கைப்பேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பின்னர் அதை என் கையில் திணித்தார்.

“எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் இல்ல. இனிமே நான் இங்க வந்து இன்னாத்துக்கு?” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

இன்று சென்றால் மீண்டும் வரமாட்டார் என்பது எனக்குத் திண்ணமாகத் தெரிந்தது. ஓடிச்சென்று, கடையில் பாட்டுப் போடும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியுடன் கைப்பேசியை இணைத்து, ஒலியை முழுவதும் ஏற்றினேன். கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கின. ஃபிட்டர் திரும்பினார். தம்ளர்களைப் பார்த்தார், பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். மறுகணம் அடுப்பருகே பாய்ந்து நீண்ட இரும்புக் கரண்டி ஒன்றை உருவினார்.

“யோவ் பெருசு, அது போண்டாக் கரண்டிய்யா! எண்ண சொட்டுது!” என்று கடைக்காரர் அலறினார்.

“சும்மா கெடய்யா!”

ஆலையில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் நலம் அறிய, கம்பியின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்பது ஃபிட்டர்களின் வழக்கம். அவ்வாறே கரண்டியைப் பெட்டியில் ஊன்றிக் கண்களை மூடினார். கழுத்தில் ஆறிய எண்ணெய் வழிந்தது.

“வருதுபா! வுட்டு வுட்டு, டொக்கு டொக்குனு வருது!” என்று கூவினார். “பேரிங்கு பேஜாரா கீது. யாராவது மேல போயி கிரீஸ் வையிங்கடா!”

செவியால் கேட்டாரா, எலும்பால் உணர்ந்தாரா, நான் அறியேன். அந்த வால்மீன் சூரியனை விட்டு விலகி, கண்ணுக்கு எட்டாத தொலைவு சென்றுவிட்டது. ஃபிட்டரோ இப்போதெல்லாம் எனக்கு முன்பே கடைக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். நேற்று நான் அமர்வதற்குள் கேட்டார்:

“வியாழன் கெரகம் பாடுமாபா?”