முப்பத்தாறு போத்தல்களைத் திருப்பிக் கேட்டவர்

ரெஜினா அக்கா இறந்த செய்தி, கிரெய்கிபர்ன் ரயில் நிலையத்தில் நான் வேலைக்குப் போக நின்றபோது வந்தது. அவருடைய மகள் பேசினாள். "அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை. ஹார்ட் எண்டு சொல்லுறாங்கள்." "வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வழமைபோல வேலைக்குப் போகும் ரயிலில் ஏறிவிட்டேன். அவருடைய வீடு அந்த நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். இரண்டு நிலையங்கள் தாண்டிய பிறகே இறங்கித் திரும்பினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மன்னாரிலிருந்து வந்த அவரும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். ஒரு கோடையில் பக்கத்து வீட்டு இத்தாலியர் இரண்டு வாளி அத்திப்பழம் கொடுக்க, அதை ஜாமாகக் காய்ச்சி வேலைக்குக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் போத்தல் காலி. அன்று பின்னேரமே தொலைபேசியில், "இதை நாங்கள் ரெண்டு பேரும் விப்பம்" என்றார். நான் யோசித்து முடிப்பதற்குள், ஜாம் காய்ச்சி விற்க அவருடைய வீட்டுக் குசினியை நகரசபையில் பதிவு செய்ய விண்ணப்பம் போய்விட்டது. கொஞ்சம் இருங்கோ அக்கா என்றால், "இருந்தா அடிப்பிடிச்சிடும்" என்பார், அடுப்பில் ஒன்றும் இல்லாத நாளிலும்.

முதல் விற்பனை அவருடைய தேவாலய வளாகத்து ஞாயிறு சந்தையில். முப்பத்தாறு போத்தல்களும் மத்தியானத்துக்குள் முடிந்தன. காரில் திரும்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அக்கா, ரெண்டாவது சட்டிக்கு நான் தேசிக்காய்ப்புளி விடேல்லை."

அந்த எலுமிச்சைச் சாறு போதாவிட்டால் அத்திப்பழ ஜாமில் கிருமி வளரலாம். எது எந்தச் சட்டி என்று போத்தலில் குறிக்கவும் இல்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. சொன்னா எங்கட பேர் கெட்டிடும்" என்றேன்.

"பேர் இண்டைக்குக் காலமைதானே வந்தது. போனாப் போகட்டும்."

காரைத் திருப்பினார். அங்கே எல்லோரும் அவருடைய ஆட்கள். நான் கேரம் டவுன்ஸ் இந்துக் கோயிலுக்குப் போகிறவள். தலைகுனிவு வந்தால் அது அவருக்குத்தான். மாலைப் பூசை முடிந்ததும் எழுந்து நின்றார். "எங்களிட்ட ஜாம் வாங்கின ஆக்கள் அதைச் சாப்பிட வேண்டாம். திருப்பித் தாங்கோ. எங்கட பிழை."

என்னுடைய பிழை அது. அன்று அந்தப் பூசையில் இருந்து, இப்போது இதை வாசிக்கும் உங்களுக்கு இது இப்போதுதான் தெரியவரும்.

நான்கு நாளில் முப்பத்து மூன்று போத்தல்கள் வந்தன. மிச்ச மூன்றுக்காக அவர் வீடுவீடாக ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை ஒரு பெண் தானாகவே வந்தார். "மூண்டும் நான்தான் வாங்கினனான். முடிஞ்சுது. இன்னும் இருக்கோ?" அக்கா சிரிக்கவில்லை. "வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு ஒரு கிழமை அந்தப் பெண்ணுக்குத் தினமும் தொலைபேசி எடுத்தார்.

அதன் பிறகுதான் எங்கள் ஜாம் உண்மையாக விற்கத் தொடங்கியது. ஏன் அது என் பிழை என்று சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பேரின்ர பேரும்தானே லேபிளில கிடக்கு. நீர் அந்தச் சட்டியைக் கிண்டும்" என்றார்.

அவரைப் போல நான் துணிச்சல்காரி இல்லை. பிழை தெரிந்த பிறகு வீட்டில் சும்மா இருக்கவிடாத அந்த அந்தரம் மட்டும் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியிருக்கிறது. இதை எழுதியதும் அதனால்தான்.